மெமரி கார்டில் ஏறிய பொறுப்பு

நகரியில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே பிறந்தவர்கள் மெதுவாகப் பேசிப் பழகுவதில்லை. பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. கமலம்மா பிறந்து, இன்றும் குடியிருக்கும் வீட்டுக்கு இடப்பக்கம் எட்டுத் தறி, வலப்பக்கம் பன்னிரண்டு. பிறந்தவுடன் அவள் அழுத அழுகை இருபது தறியையும் மீறிக்கொண்டு கடைத்தெரு வரை கேட்டதாம். புருஷனைக் கூப்பிட்டாளானால் தெருவிலுள்ள எல்லார் வீட்டுப் புருஷன்மாரும் எழுந்து நிற்பார்கள். ஒருமுறை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய பாசஞ்சரைப் பார்த்து, "ஏய், நில்லு!" என்றாள். ரயில் நின்றுவிட்டது. கார்டு கையிலிருந்த பச்சைக் கொடி தானாகச் சிவந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. கொடி விஷயம் சற்று மிகை. ரயில் நின்றது உண்மை.

அந்தக் குரலைத்தான் திருடிவிட்டார்கள்.

திருடு போனது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது 2012-ஆம் வருஷம் ஒரு புதன்கிழமை காலை. வாசலில் உட்கார்ந்து கேஸ் அடுப்பு பர்னரை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். நெற்றி நிறையத் திருமண்ணும் தோளில் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"நகரி கமலம்மாங்கறது யாரு?"

"நான்தான் சாமி. இன்னா வோணும்?"

"பொறுப்பு வேணும்" என்றார் பெரியவர். பையிலிருந்து ஒரு குக்கர் மூடியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூடி என்று மரியாதைக்குச் சொல்வதுதான். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நாலு பக்கமும் வளைந்து கிடந்தது.

"பேரு ஸௌரிராஜன். திருப்பதியில கோயில் கைங்கர்யம். போன வெள்ளிக்கிழமை உங்க வண்டி எங்க தெருவுக்கு வந்தது. 'விசில் வரலைன்னா என்னைக் கேளு, நகரி கமலம்மா சொல்றேன், பொறுப்பு என்னுது'ன்னு சத்தம் போட்டேள். அதை நம்பி எங்காத்துல குக்கரைக் குடுத்தா. சனிக்கிழமை வெடிச்சது. இப்போ வந்து கேக்கறேன். சொல்லுங்கோ."

'சொல்லுங்கோ'வில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை.

"வெடிச்சுதா? எப்பிடி வெடிச்சுது?"

"எப்படின்னா? தளிகை உள்ளே அடுப்புல துவரம்பருப்பு வெந்துண்டிருந்தது. மூடி கிளம்பிப் போய் டியூப்லைட்டை எடுத்தது, ஃபேன் இறக்கையை எடுத்தது, காலண்டர்ல ஐப்பசி வரைக்கும் கிழிச்சிண்டு போச்சு. பருப்பு இன்னும் கூரையிலதான் இருக்கு. இறக்க ஆள் வரமாட்டேங்கறான்."

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலையே?"

இவ்வளவு நேரம் தெருவுக்கே கேட்கப் பேசிய ஸௌரிராஜன் கீழே கிடந்த மூடியைப் பார்த்தார்.

"பத்மினி அடுப்புக்கு நேரேதான் நின்னுண்டிருந்தா. அமெரிக்காவிலேர்ந்து எங்க பிள்ளை பார்த்தா ஃபோன் பண்ணினான். எப்பவும் ஞாயித்துக்கிழமைதான் பண்ணுவான். அன்னிக்கு ஏதோ தோணியிருக்கு. கூடத்துக்கு ஓடிவந்து, 'சொல்லுடா'ன்னா. 'டா' இன்னும் வாயிலதான் இருந்தது."

கமலம்மா மூடியைக் கையில் எடுத்தாள். இருபது வருஷமாகக் குக்கரைத் தவிர வேறெதையும் அவள் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஊரில் கம்பெனிகள் புதுசு புதுசாகக் கதவைத் திறந்த காலத்தில், நகரி ஆண்கள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பியபோது, அவள் அம்பத்தூரில் ஒரு குக்கர் சர்வீஸ் கூடத்தில் சேர்ந்தாள். தரை கூட்டத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆறே மாசத்தில் சூப்பர்வைசர் திறக்க முடியாத மூடிகளை அவள் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விசில் சத்தத்தை மட்டும் கேட்டு, உள்ளே வேகிறது பொன்னியா இட்லி அரிசியா என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். எட்டு வருஷம் கழித்து ஊர் திரும்பி, புருஷன் பாலையா ஓட்ட, ஒரு லோடு ஆட்டோவில் குக்கர் ரிப்பேர் தொழில் ஆரம்பித்தாள். ஓட்டுவது அவன், திருகுவது இவள். தெருத்தெருவாகக் கூவ வேண்டியதைச் சித்தூரில் ஒரு கடையில் பதிவு பண்ணி, வண்டி ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

கேஸ்கெட் சரியாக இருந்தது. விசில் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. அது எந்த வீட்டிலும் நடப்பது. அப்படி அடைத்தால் பக்கத்திலுள்ள சேஃப்டி வால்வு சூட்டில் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். அதற்குத்தான் வால்வு. கமலம்மா அதை நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஏதோ பெயர்ந்து வந்தது.

பைப்பு ஓட்டை அடைக்கிற பசை. உருகிப்போன பழைய வால்வில் பசையை வைத்து அடைத்துத் திரும்பவும் மாட்டியிருந்தான் எவனோ.

"இத வெச்ச கை எவன் கை?" என்றாள். இடப்பக்கம் எட்டுத் தறியும் நின்றது.

"நீங்கதானேம்மா. உங்க குரல்தானே?"

"குரல் என்னுது. கை என்னுது இல்ல, சாமி."

"அது எனக்கெப்படித் தெரியும்? வண்டிக்குள்ள மீசை வெச்சுண்டு ஒருத்தன் இருந்தான். உங்காத்துக்காரர்னு நினைச்சோம்."

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த பாலையா தன் மழுங்கச் சிரைத்த மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"செவப்பு ஆட்டோவா?" என்று கேட்டாள் கமலம்மா.

"சிவப்பு. அவனே சொன்னான், 'ஏதாவது ஆச்சுன்னா நகரிக்குப் போங்க சாமி, அக்கா சும்மாவே சரி பண்ணிக் குடுக்கும்'னு. விலாசம் கூட எழுதிக் குடுத்தான்." ஸௌரிராஜன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். தெலுங்கில் அவள் பெயர், தெருப் பெயர், வீட்டு எண் எல்லாம் இருந்தன.

வலப்பக்கம் பன்னிரண்டு தறியும் நின்றது.

சிவப்பு ஆட்டோக்காரன் பெயர் சீனு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூர் கடைத்தெருவில் அவனை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்பது சரி. எலும்பு முறிந்து கட்டுப்போட வந்தவர்கள் கூட்டமாக நிற்கிற அந்த ஊரில், தன் வண்டி ஒரு முனையிலிருந்து நுழைய, எதிர்முனையிலிருந்து தன் குரலே தன்னை நோக்கி வருவதைக் கேட்டாள். 'கேஸ்கெட்டு மாத்தணுமா, வால்வு மாத்தணுமா, கைப்பிடி ஆடுதா' என்று இரண்டு கமலம்மாக்கள் நடுத்தெருவில் மோதிக்கொண்டார்கள். கையில் கட்டுப் போட்ட ஒருவர், கட்டை மறந்து கை தட்டிவிட்டு அலறினார்.

சீனு இறங்கி வந்து கும்பிட்டான். "அக்கா, தப்பா நெனச்சிக்காத. உன் குரலு போட்டாத்தான் பொம்பளைங்க வெளிய வர்றாங்க. உன் குரல்ல ஒரு ராசி இருக்குது."

அந்த 'ராசி'யில் அவள் விழுந்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "கேட்டியா, ராசியாம்" என்று பாலையாவிடம் பதினான்கு முறை சொன்னாள். அப்போது போட வேண்டிய சண்டையைப் போடாமல் விட்டாள். முதல் தப்பு அது.

இரண்டாவது தப்பு பெரியது. சீனு மாதிரி ஆட்கள் பெருகினார்கள். அவர்கள் கெடுத்த குக்கர்கள் பஸ் ஏறி நகரிக்கு வர ஆரம்பித்தன. 'நீதானே பொறுப்புன்னு சொன்னே?' என்று கேட்டார்கள். கமலம்மா வாங்கி வைத்துச் சும்மாவே சரி பண்ணிக் கொடுத்தாள்.

"நீ தொட்டதே இல்லியே அத" என்பான் பாலையா.

"தொடலை. சொன்னேன்ல?" என்பாள். "அந்த வீட்ல என் குரலக் கேட்டுதான குடுத்தாங்க? அவங்களுக்கு அந்தக் கம்மனாட்டி மூஞ்சியா தெரியும்?"

இப்போது அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்ததும்தான் கணக்குப் புரிந்தது. அவள் சரி பண்ணிக் கொடுக்கிறாள் என்று தெரிந்ததால்தான் அவர்கள் சரியாகச் செய்வதில்லை. நல்ல வால்வு எதற்கு, பசை போதும், நகரியில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வாக்கைக் காப்பாற்றக் காப்பாற்ற, அவர்களுக்குத் துணிச்சல் ஏறியிருக்கிறது. ஏறி ஏறி, ஒரு பொம்பளை மூஞ்சிக்கு நேரே வந்து நின்றிருக்கிறது. அடுத்த வீட்டில் அமெரிக்காவிலிருந்து ஃபோன் வராது.

"ஏய்யா!" என்றாள். தெருவில் ஒன்பது புருஷன்மார் எழுந்தார்கள். "வண்டிய எடு. சித்தூருக்குப் போவணும்."

"சித்தூர்ல யாரு?" என்று கேட்டார் ஸௌரிராஜன்.

"அந்தக் குரலப் புடிச்சுப் பொட்டில போட்டவன்."

அவரும் வண்டியில் ஏறினார். நாலு கேஸ் அடுப்புகளுக்கும் ஒரு மூட்டை கைப்பிடிகளுக்கும் நடுவே பஞ்சகச்சத்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். புத்தூர் தாண்டும் முன்பே, ஒரு மலையே சரிந்து விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. பின்னால் லாரி முட்ட வருகிறது என்று பாலையா வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். பார்த்தால் ஸௌரிராஜன் இடுப்பில் செருகியிருந்த செல்ஃபோன். திருப்பதி பிளாட்பாரத்தில் வாங்கிய சைனா ஃபோன், முதுகில் நாலு ஸ்பீக்கர். எதிர்முனையில் பேசியது, "சாப்பிட்டேளா?" என்று பத்மினி. காளஹஸ்தி வரை கேட்டிருக்கும்.

"பார்த்தா அனுப்பின ஃபோன் பெட்டியோட அலமாரியில இருக்கு. அதுல பேசினா எனக்குக் காது கேக்கறதில்லை" என்றார்.

அவர் செய்தித்தாளை டெண்டர் விளம்பரம் வரை படிக்கிறவர். மடியிலிருந்து ஒரு நறுக்கை எடுத்தார். அந்த வருஷம்தான் டில்லியில் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். "பாரும்மா, பாட்டு எழுதறவாளுக்கு, பாடறவாளுக்கு எல்லாம் இனிமே உரிமை உண்டுன்னு போட்டிருக்கான்."

"நான் எங்க பாடுனேன் சாமி? கூவுனேன்."

"கூவறதும் ஒரு வித்தைதானே?"

"எனக்கு உரிமை எல்லாம் வோணாம் சாமி. எவன் வோணா என் குரல வெச்சி என்னா வோணா வித்துத் துன்னட்டும். ஆனா பொறுப்பு என்னுதுன்னு சொல்லி இருக்கேனே, அத நான் வாய்லேர்ந்து திரும்ப எடுக்கணும். அதுக்கு டில்லில எதுனா எழுதி இருக்கானுங்களா?"

ஸௌரிராஜன் நறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் சிமெண்ட் விளம்பரம்தான் இருந்தது.

ஜே.சி. டிஜிட்டல்ஸ் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கடை ஒரு பீரோ அளவு. அதில் கம்ப்யூட்டர், ஒரு மைக், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டைகள், நடுவில் ஜெயச்சந்திரன். செல்ஃபோன் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தருவது தொழில். வாசலில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு போர்டு: 'எச்சரிக்கை! எங்கள் மிக்ஸிங்கைக் காப்பி அடிப்பவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' அதற்குக் கீழேயே இன்னொன்று: 'நேற்று ரிலீஸான படத்துப் பாட்டு இன்று கிடைக்கும்.'

"வாக்கா, வாக்கா! ஸ்டார் வந்துட்டாங்க!" என்று எழுந்தான். அவள் வாயைத் திறக்கும் முன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தட்டினான். திரையில் ஒரு குக்கர் இடுப்பை ஆட்டி ஆடியது. பறையும் தவிலும் சேர்ந்து முழங்க, கமலம்மாவின் குரல், 'கைப்பிடி ஆடுதா, ஆடுதா, ஆடுதா' என்று திரும்பத் திரும்பக் கூவியது. "நெட்ல போட்டேன். நாலு லட்சம் பேரு பாத்துட்டான். குவைத்லேர்ந்து கமென்ட்டு, துபாய்லேர்ந்து கமென்ட்டு. நம்ம ஊரு பசங்க அழுவுறானுங்கக்கா. அம்மா கூப்புடற மாதிரி இருக்குதாம்."

"என்னக் கேட்டியாடா?"

"எதுக்குக் கேக்கணும்? நீ ரெக்கார்டு பண்ண வந்த. காசு குடுத்த, காப்பி வாங்கிக்கின. காப்பி உன்னுது, காப்பிரைட்டு என்னுது. எக்கோ வெச்சது யாரு? பின்னாடி மியூசிக் போட்டது யாரு? நானு. மிக்ஸிங்க எடுத்துட்டா அதுல இன்னா இருக்குது? ஒரு பொம்பள கத்துறது."

பாலையா கடையை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். இருபத்தாறு வருஷ அனுபவம்.

"கத்துறதா?" என்றாள் கமலம்மா.

முட்டை அட்டைகள் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பஸ் ஸ்டாண்டில் வேலூர் போகிற பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

"கத்துறதுன்னா வெறுஞ்சத்தம்டா. நான் வாக்கு குடுத்திருக்கேன். வால்வு போனா நான் பொறுப்புன்னு என் ஊரச் சொல்லி, என் பேரச் சொல்லிக் குடுத்த வாக்கு. உன் மைக்குக்காடா குடுத்தேன்? குக்கர் வெச்சிருக்கற பொம்பளைக்குக் குடுத்தேன். அதத் தூக்கி, பசை வெச்சு வால்வு அடைக்கறவனுக்கு வித்திருக்கியே, என் வாக்க விக்கிறதுக்கு நீ யார்ரா? இந்தா பாரு!" மூடியை அவன் கீபோர்டின் மேல் போட்டாள். "இது ஒரு அம்மா மூஞ்சில அடிச்சிருக்கணும். தப்பிச்சிட்டாங்க. அடிச்சிருந்தா அந்த வீட்ல எந்தப் பேரச் சொல்லி அழுதிருப்பாங்க? சீனு பேரா? உன் மிக்ஸிங் பேரா?"

ஜெயச்சந்திரன் மூடியைப் பார்த்தான். அப்பள வளைவைப் பார்த்தான். ஆனாலும் வியாபாரி. "நான் வால்வு விக்கலக்கா. பைலு விக்கிறேன்."

ஸௌரிராஜன், உதிர்ந்த முட்டை அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நறுக்கை மடக்கி, சிமெண்ட் விளம்பரத்து ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு சந்தேகம்ப்பா. மிக்ஸிங் உன்னுது, சரி. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சினிமாப் பாட்டெல்லாம் யாரோடது?"

"அது... பப்ளிக்குக்கு ஒரு சேவை சாமி."

"சேவை. எழுதிண்டேன். எத்தனை பாட்டு இருக்கும்?"

"இன்னா சாமி எழுதறீங்க?"

"மனு."

"யாருக்கு?"

"இன்னும் தீர்மானிக்கலை. விலாசத்தைக் கடைசியில எழுதிக்கலாம்."

ஜெயச்சந்திரன் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். ஒரே நிமிஷத்தில் மாடு மாதிரி சாதுவாகிவிட்டான். "அக்கா, சாமிய எழுத வோணாம்னு சொல்லு. நெட்ல இருக்கறத இப்பவே எடுத்துடறேன். ஆனா வண்டிங்கள்ல இருக்கறத எப்பிடி எடுக்கறது? நான் ஏத்திக் குடுத்தது முப்பது வண்டிக்கு. அவனுங்க புளூடூத்துல எவனெவனுக்கு விட்டானுங்களோ. கர்நாடகா பார்டர்ல, குப்பத்துல ஒருத்தன் முன்னாடி கன்னடத்துல ரெண்டு வார்த்த ஒட்டிக்கினு ஓட்டறான். உன் குரலு இப்ப எந்தத் தெருவுல போய்க்கினு இருக்குதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கமலம்மா உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டால் ரயில் நிற்கும். தறி நிற்கும். ஆனால் அவள் போட்ட சத்தமே இந்நேரம் எங்கோ ஒரு தெருவில் ஒரு பொம்பளையை வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதை எந்தச் சத்தம் போட்டு நிறுத்துவது? மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பசை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஸௌரிராஜன்கூடப் பேனாவை மூடிவிட்டார்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அவனுங்க திரும்ப இங்க வருவானுங்களா?"

"வராம? மாசத்துக்கு ஒருவாட்டி பாட்டு மாத்திக்கினு போவானுங்க. சீனு வர்ற ஞாயித்துக்கெழம வருவான்."

"அவனுங்க வண்டில ஓடுதே என் குரலு, அத அவனுங்க கேக்கறானுங்களா?"

"யாரு கேப்பா? ஒருநாளைக்கு ஆயிரம் வாட்டி ஓடுதுக்கா. சீனு ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிக்கினுதான் ஓட்டறான்."

கமலம்மா மூடியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மைக்கப் போடு."

முதல் பாதி பழையபடியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. கேஸ்கெட், வால்வு, கைப்பிடி, ஊர், பேர், அதே ஏற்றம், அதே இறக்கம். 'பொறுப்பு என்னுது'க்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டாள். அதற்குமேல் தமிழிலும் தெலுங்கிலுமாகப் பேசியது புதுசு. பேசப் பேச ஜெயச்சந்திரனின் கண் விரிந்தது. "அக்கா! இது என் கஸ்டமரெல்லாம் காலி பண்ற வேலையாச்சே!" என்று ஹெட்ஃபோனைக் கழற்றினான். ஸௌரிராஜன் பேனாவைத் திறந்தார். ஜெயச்சந்திரன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். அப்புறம் ஏதோ யோசித்தான். முகம் மெல்ல மலர்ந்தது. "போட்டுக்கினு போனா, அத அழிக்கச் சொல்லித் திரும்ப எங்கிட்டதான வரணும்?"

தன் கையாலேயே அந்த ஃபைலுக்குப் பேரும் வைத்தான்: 'கமலம்மா நியூ, சவுண்டு டபுள்.'

அடுத்த எட்டு நாளும் கமலம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கார்வேட்டிநகரத்திலிருந்து ஒன்று, புத்தூரிலிருந்து ஒன்று என இரண்டு குக்கர்கள் வந்தன. முன்னெல்லாம் மூடியைத் திறக்கும்போது பாட்டுப் பாடுவாள். இப்போது திறக்கும் முன் கும்பிட்டாள். இரண்டிலும் பசை இருந்தது. அந்த இரண்டு வீட்டுப் பொம்பளைகளையும் உட்காரவைத்து, "இனிமே குரலக் கேட்டுக் குடுக்காத, மூஞ்சியப் பாத்துக் குடு" என்று திட்டித் திட்டிச் சொன்னாள். அவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு, "நீங்க ரேடியோல பேசற மாதிரியே பேசறீங்க" என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் செல்ஃபோன் அடித்தது.

"கமலம்மாவா? நான் பத்மினி பேசறேன். திருப்பதி."

"எந்தப் பத்மினிம்மா?"

"கூரையில பருப்பு."

கமலம்மா எழுந்து நின்றாள். "சொல்லும்மா."

"வந்திருக்கான். சிவப்பு ஆட்டோ, அதே மீசை. நான் அவர் ஃபோனை எடுத்துண்டு வாசலுக்கே வந்துட்டேன். அன்னிக்குப் பொம்மனாட்டி குரலாச்சே, பொய் சொல்லாதுன்னு நம்பித்தான் நான் குக்கரைக் குடுத்தேன், தெரியுமோ? இன்னிக்கு எதிராத்து லட்சுமம்மா கையில குக்கரோட நிக்கறா. கேளுங்கோ."

ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள் போலிருந்தது. கமலம்மாவின் காதில் கமலம்மாவே கூவினாள். கேஸ்கெட்டு மாத்தணுமா. வால்வு மாத்தணுமா. சவுண்டு டபுள். பொறுப்பு என்னுது. ஒரு மூச்சு.

பிறகு, திருப்பதியில் அந்தத் தெரு முழுக்க: "யம்மா, குக்கரக் குடுக்கறதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள பாரு. நான் குந்திக்கினு இருக்கேனா? கைல ஸ்பேனரோட ஒரு பொம்பள இல்லைன்னா, இது திருட்டுக் குரலு. ஓட்டறவன் வால்வுல பசை அடைக்கறவன். அவனுக்கு நான் பொறுப்பு இல்ல."

கதவுகள் திறக்கும் சத்தம் ஃபோன் வழியாகக் கேட்டது. லட்சுமம்மாவின் குரல் தெலுங்கில் கேட்டது: "ஏமய்யா, கமலம்மா எக்கட?"

காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டான் போல சீனு. "உள்ள இருக்காங்கம்மா. தூங்கறாங்க."

"தூங்குதுன்னு சொல்வான், நம்பாத!" என்றது அவன் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் பத்மினி வீட்டுக் கூரையிலிருந்த மிச்சப் பருப்பும் உதிர்ந்திருக்கும். நாலைந்து பேர் ஒரே சமயத்தில் வண்டியைச் சூழ்ந்து கத்தினார்கள். ஏதோ உருண்டது. அதன்பின் குரல் பட்டென்று நின்றது.

"ஒயரைப் பிடுங்கிட்டான்!" என்றாள் பத்மினி. "வண்டியை ஸ்டார்ட் பண்றான். லட்சுமம்மாவோட குக்கர் மூடி உள்ளயே மாட்டிண்டிருக்கு!"

"யம்மா, அது அந்த சைனா போனுதான? அதுல ஸ்பீக்கர் பட்டன் இருக்கும், அமுக்கு. அமுக்கினு அவன் வண்டி மேல வை. வெச்சிட்டு நீ தள்ளி நில்லு."

"வெச்சுட்டேன்" என்று தூரத்திலிருந்து கேட்டது.

கமலம்மா தெருவுக்கு வந்தாள். நகரியில் வலப்பக்கத்துத் தறிக்காரர்கள், என்ன ஏதென்று கேட்காமலே மோட்டாரை நிறுத்தினார்கள்.

"டேய் சீனு! அந்த மூடியக் கீழ வைடா!"

சீனு கையிலிருந்த ஒயரைப் பார்த்தான். அதன் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு முறை பிடுங்கினான். குரல் நிற்கவில்லை.